அடுத்தவர் கடனில் நம் கடமை என்ன?

(நாகலாபுரத்தில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)

தலைவர் அவர்களே! சங்கத் தோழர்களே! வேலை முடிந்த அலுப்போடு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

"அடுத்தவர் கட்டாத கடனில் நாம் தலையிடலாமா?" என்ற தலைப்பிலே பேசும்படி சங்கம் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறது. சாதாரணக் கேள்வி போலத் தெரியும். "அவன் வாங்கினான், அவன் கட்டட்டும், ஊரான் கடன் நமக்கு எதற்கு?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் நம்முடைய வாழ்க்கை அப்படி முடிய விடுகிறதா?

எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். "அண்ணே, வட்டிக்கடையில ஒரு ஆள் கையெழுத்து கேக்கறாங்க, சும்மா ஒரு கையெழுத்துதான்" என்கிறார். அடுத்த மாதம் மேஸ்திரி வருகிறார். "உன் கூட வேலை செஞ்சானே, அவன் முன்பணத்தோட ஓடிட்டான், எங்கே இருக்கான் சொல்லு" என்கிறார். அதற்கடுத்த வாரம் குழுக் கடன் வசூல்காரர் வருகிறார். "ஐந்தாவது அம்மா தவணை கட்டலே. நீங்க நாலு பேரும் அவங்க வீட்டு வாசலிலே போய் உட்காருங்க. இல்லேன்னா நீங்க கட்டுங்க" என்கிறார்.

ஆக, அடுத்தவர் கடனுக்குள் நாம் போவதில்லை. கடன்தான் நம்மைத் தேடி வருகிறது. வந்த பிறகு நாம் என்னவாக நிற்பது என்பதுதான் கேள்வி. மூன்று விதமாக நிற்கலாம். கடனைச் சுமக்கிற ஜாமீனாக நிற்கலாம். கடன் கொடுத்தவருக்கு வேலை செய்கிற வசூல்காரனாக நிற்கலாம். அல்லது, கடனாளியின் பக்கத்தில் ஒரு சாட்சியாக நிற்கலாம். முதலாவது நம் விருப்பம், கட்டாயமில்லை. இரண்டாவது நமக்கு ஆகாத வேலை. மூன்றாவது நம் கடமை. இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

தெலுங்கிலே கடனை அப்பு என்கிறார்கள். நம் தமிழிலே கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கிய பணமும் கடன். செய்ய வேண்டிய கடமையும் கடன். காலைக்கடன் என்கிறோம், இறுதிக்கடன் என்கிறோம். பணக்கடன் வாங்கினவர் தலையோடு போகும். கடமை என்கிற கடன் பக்கத்தில் இருக்கிற எல்லோர் தலையிலும் இருக்கிறது.

நம் மண்ணில் நடந்தது

தோழர்களே! தூரத்து உதாரணம் வேண்டாம். நம் நாகலாபுரம் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியிலே இருக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். அதன் பிறகு திருப்பதி மாவட்டம். இதே மாவட்டத்திலே, சத்தியவேடு போலீஸ் விசாரித்த ஒரு வழக்கை 2025 மே மாதம் நாடே பத்திரிகைகளில் படித்தது.

யானாதி பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, குழந்தைகள். வாத்து மேய்க்கிற ஒருவரிடம் வேலைக்கு இருந்தார்கள். கணவன் இறந்துபோனான். அந்தத் தாய் குழந்தைகளோடு வெளியேறப் பார்த்தாள். "உன் புருஷன் 25,000 ரூபாய் வாங்கியிருக்கிறான்" என்றார்கள். வட்டியோடு 45,000 என்றார்கள். அவள் தவணை கேட்டாள். "பணம் கொண்டு வருகிற வரைக்கும் பிள்ளைகளில் ஒருவனை விட்டுவிட்டுப் போ" என்றார்கள். விட்டுவிட்டுப் போனாள். பணம் புரட்டிக்கொண்டு திரும்பி வந்து கேட்டபோது பிள்ளை இல்லை. வேறு இடத்துக்கு அனுப்பினோம் என்றார்கள்; ஓடிப்போனான் என்றார்கள். யானாதி சமூகப் பிரமுகர்கள் உடன் வர, அவள் போலீசுக்குப் போனாள். காஞ்சிபுரம் மாவட்டத்திலே பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த அந்தப் பையனின் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. அவனுக்கு ஒன்பது வயது. மஞ்சள் காமாலையில் இறந்தான் என்று முதலாளி குடும்பம் சொன்னது. அந்தக் குடும்பத்திலே மூன்று பேர் கைதானார்கள். குற்றத் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதை நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறொரு கேள்வி.

அது யாருடைய கடன்? தகப்பன் வாங்கிய கடன். தகப்பன் செத்துப்போனான். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அந்தப் பையன் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அவன்தான் அடகுப் பொருளானான்.

நாம் கூடியிருக்கிற இந்த ஊர் ஒரு தாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பதை இங்கே இருக்கிற வேதநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மகன் ஒருவன் தாய்க்கு ஊரையே எழுதி வைத்த மண்ணுக்குப் பக்கத்திலே, ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு தாய் தன் மகனை அடகு வைக்க நேர்ந்தது. இது நமக்கு உறைக்க வேண்டும்.

அவளுக்கு அன்றைக்கு யாராவது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? "அம்மா, செத்தவன் கடனுக்குப் பிள்ளை ஜாமீன் கிடையாது. வா, கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம்" என்று சொல்லியிருந்தால்? அந்த 45,000-ஐ நாம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் நின்றிருக்க வேண்டும் என்கிறேன். கடைசியில் சட்டம் அசைந்ததும் எப்போது? நாலு பேர் அவளோடு சேர்ந்து போலீஸ் வாசலை மிதித்த பிறகுதான்.

கடன் எதுவரைக்கும் போகும்?

கூட நிற்கிற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

வாங்கியவர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 50-வது பிரிவு அதைச் சொல்கிறது. ஒன்றுமே விட்டுப்போகவில்லை என்றால் ஒன்றுமே இல்லை. "அப்பன் கடனைப் பிள்ளை தீர்க்காவிட்டால் பாவம்" என்ற பழைய இந்து சாஸ்திர விதியை ஒரு காலத்தில் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருந்தன. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிறகு வாங்குகிற கடன்களுக்கு அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். தகப்பன் கடனைத் தீர்ப்பது பிள்ளையின் பெருந்தன்மையாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி எவனும் பிள்ளையின் கையைப் பிடிக்க முடியாது.

உயிரோடு இருக்கிற கடனாளியிடமும் எல்லாவற்றையும் பறித்துவிட முடியாது. நீதிமன்றத் தீர்ப்பே கையில் இருந்தாலும், 60-வது பிரிவின்படி சில பொருள்களை ஜப்தி செய்யக் கூடாது. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, கூலியாளின் கூலி, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை. அதாவது தாலி. நீதிபதியே தொடக் கூடாத பொருளை வட்டிக்காரர் தொடலாமா? பணத் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைச் சிறையில் அடைக்க 56-வது பிரிவு இடம் தரவில்லை. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கிலே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கையில் பணமில்லாத நேர்மையான கடனாளியை வறுமைக்காகச் சிறைக்கு அனுப்புவது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று தீர்ப்பு எழுதினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் நாடாளுமன்றச் சட்டமானது. முன்பணத்துக்காக ஒருவரையோ அவர் குடும்பத்தாரையோ கூலியில்லாமலோ அற்பக் கூலிக்கோ கட்டி வைத்தாலும், வேறு வேலைக்குப் போகவோ வெளியூர் போகவோ தடுத்தாலும், அது கொத்தடிமை. அந்தக் கடன் அத்தோடு ஒழிந்தது. வசூல் செய்தாலே குற்றம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு. தொழிலாளியின் பொறுப்பு அல்ல. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. "கடனாளி கட்டாவிட்டால் நான் வந்து உழைக்கிறேன்" என்று ஜாமீன் நின்றவரை எழுதி வாங்குவதும் கொத்தடிமைதான். அடுத்தவர் கடனுக்கு உங்கள் உடம்பை எவனும் எழுதி வாங்க முடியாது. சூளையாக இருந்தாலும், அரிசி ஆலையாக இருந்தாலும், வாத்துப் பட்டியாக இருந்தாலும் இதுதான் சட்டம்.

ஊத்துக்கோட்டை எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும் என்று சில மேஸ்திரிகள் பயமுறுத்துகிறார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லையை மாற்றி வரைந்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது. சத்தியவேடு பகுதி இந்தப் பக்கம் வந்தது. வட்டிச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், உண்மை. தமிழ்நாட்டிலே 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் வேறு. ஆந்திரச் சட்டம் வேறு. ஆனால் கொத்தடிமைச் சட்டம் மத்தியச் சட்டம். அந்த எல்லைக்கோடு அதைத் தடுக்காது.

சும்மா ஒரு கையெழுத்து

இனி ஜாமீனைப் பற்றி. "ஜாமீன் போடாதே" என்று கட்டளையிட நான் வரவில்லை. ஏழைக்கு ஏழைதான் ஜாமீன். பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் நாம் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடாமல் வேறு யார் போடுவார்கள்? ஆனால் அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று தெரிந்து போட வேண்டும்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வாங்கினவர் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்காரர் பொறுப்பும் அவ்வளவு. "முதலில் அவனைக் கேள், அப்புறம் என்னிடம் வா" என்று நீங்கள் சொல்ல முடியாது. நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. பணம் கை மாறியதைப் பார்த்தேன் என்பது சாட்சி. கடனைக் கட்ட அவன் பொறுப்பில்லை. நம் ஊரிலே பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. நம்மில் பல பேருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சிலருக்கு அதுவும் வராது. "இங்கே சாட்சி போடு" என்று சொல்லி ஜாமீன் இடத்திலே கையெழுத்து வாங்கினால் எப்படித் தெரியும்? ஆகவே, தெலுங்கு படித்த பிள்ளை ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கை வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் எப்போதுமே வேண்டாம்.

ஜாமீன்காரருக்கும் சில உரிமைகள் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் வட்டியையோ நிபந்தனையையோ மாற்றினால், அதற்குப் பின் நடக்கிற கொடுக்கல் வாங்கலுக்கு உங்கள் பொறுப்பு நீங்கிவிடும் என்று 133-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் கட்டித் தீர்த்துவிட்டால், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமையெல்லாம் உங்களுக்கு வந்துவிடும். கட்டிய பணத்தைக் கடனாளியிடம் கேட்டு வாங்கலாம். ஆகவே கட்டும்போது ரசீதைக் கேளுங்கள். பத்திரத்தைக் கையில் வாங்குங்கள்.

பக்திப் பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. ஆனாலும் பக்கத்திலே சுருட்டப்பள்ளி இருப்பதால் சொல்கிறேன். பள்ளிகொண்டீஸ்வரர் அங்கே ஏன் படுத்திருக்கிறார்? எல்லோருக்காகவும் ஆலகாலத்தை விழுங்கிய களைப்பிலே படுத்திருக்கிறார் என்கிறது புராணம். அந்த விஷம் அவர் உண்டாக்கியது அல்ல. அதை அவர் விழுங்கியபோது, அது கழுத்துக்குக் கீழே இறங்காமல் பார்வதி பிடித்துக்கொண்டாள் என்கிறது கதை. இதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அடுத்தவர் கடனை நீ ஏற்கலாம். ஆனால் எந்த அளவோடு நிற்கும் என்று பார்த்து ஏற்க வேண்டும். அந்தச் செய்தி உன் வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் போட்ட ஜாமீன் கையெழுத்துக்கள் எத்தனை அடுப்பை அணைத்திருக்கின்றன என்று இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள்.

நம்மை வைத்தே நம்மிடம் வசூல்

தோழர்களே! இரண்டாவது நிலைக்கு வருகிறேன். நம்மையே வசூல்காரராக மாற்றுவது. இது வட்டிக்காரர்களின் பழைய வித்தை. புலம்பெயர்ந்த தமிழனுக்கு இது புதிதல்ல.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் முன்னோர்களைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றிலே ஏறியது. ஒரு கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்" என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். அதற்குத் துண்டு என்று பேர். புதுத் துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடன் தீரவில்லை, கைதான் மாறியது. கூட்டத்தின் கடனெல்லாம் கங்காணி வழியாகவே நடந்ததால், ஒருவன் ஓடிப்போகாமல் மற்றவன் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்தக்காரனே சொந்தக்காரனுக்குக் காவல்! 1921-ல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

அந்த வித்தை 2010-ல் நம் ஆந்திரத்திலே வேறு உடையில் வந்தது. நுண்கடன் கம்பெனிகள் ஐந்து ஐந்து பெண்களாகக் குழு சேர்த்தன. அடமானம் வேண்டாம், ஒருவருக்கொருவர் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருத்திக்கு முடியாதபோது நாலு பேர் கை கொடுத்தால் அது ஒற்றுமை. ஆனால் ஒருத்தியே மூன்று நான்கு கம்பெனியில் கடன் வாங்கும்படி தள்ளப்பட்டபோது, வாரா வாரம் தவணை கழுத்தை இறுக்கியபோது, அந்த நாலு பேரும் ஐந்தாவது பெண்ணின் வாசலிலே உட்கார வைக்கப்பட்டார்கள். கம்பெனிக்காரர் திட்ட வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரியே திட்டினாள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டார்கள் என்ற செய்திகள் ஊர் ஊராக வந்தன. 2010 அக்டோபர் 15-ஆம் தேதி ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான். வசூலைப் பஞ்சாயத்து ஆபீஸ் போன்ற பொது இடத்தில் வைக்க வேண்டும். வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது.

அதன் பலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வசூல் நின்றது, கூடவே புதுக் கடனும் நின்றது. பல பெண்கள் திரும்பவும் உள்ளூர் லேவாதேவிக்காரரிடமே போனார்கள். ஆகவே சட்டம் மட்டும் போதாது. நேர்மையான கடன் கிடைக்கிற வழியும் வேண்டும்.

இன்றைக்கு நமக்குப் பயன்படுவது ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதிகள். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதெல்லாம் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, கடனாளியின் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. நம் தலைப்புக்கு நேராக ஒரு விதியும் இருக்கிறது: கடனாளியின் உறவினரையோ, நண்பரையோ, கூட வேலை செய்கிறவரையோ தொந்தரவு செய்யக் கூடாது. ஆகவே "போய் அவள் வாசலில் உட்கார்" என்று சொன்னால், "அது உங்கள் ரிசர்வ் வங்கி விதிக்கே விரோதம் ஐயா" என்று சொல்லுங்கள். உங்கள் குழுவிலே நீங்கள் எழுதிக் கொடுத்தது என்ன என்று பத்திரத்தைப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பொறுப்பு இருந்தால் அது பணப் பொறுப்பு. அவளை அவமானப்படுத்தும் பொறுப்பை எந்தப் பத்திரமும் உங்களுக்குக் கொடுக்க முடியாது.

கடன் கொடுத்தவரும் ஏழையானால்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். "கடன் கொடுத்தவன் எல்லோரும் கந்துவட்டிக்காரனா? வீட்டு வேலை செய்து சேர்த்த 5,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்த கிழவியும் இருக்கிறாளே! சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டுகிறவனும் நம்மிலேதானே இருக்கிறான்? அவனுக்கும் நீ பக்கத்தில் நிற்பாயா?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசினால் என் பேச்சு பொய்யாகும். வாங்கிய கடனைக் கட்ட வேண்டும். கட்ட முடிந்தும் கட்டாதவன், கொடுத்தவளின் உழைப்பைத் திருடுகிறான். முதலாளி கூலியைப் பிடித்தால் அது சுரண்டல் என்கிறோம். தோழன் கிழவியின் பணத்தைப் பிடித்துக்கொண்டால் அதற்கு மட்டும் வேறு பேரா? அந்த இடத்தில் நாம் கிழவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளோடு போய், "அப்பா, மாதம் 500 ரூபாயாவது கொடு" என்று கேட்க வேண்டும். கணக்கை எழுதி, இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட தவணையைச் சங்க நோட்டில் பதிய வேண்டும்.

அப்படியானால் வசூலுக்குப் போகக் கூடாது என்று முன்பு சொன்னது என்ன ஆயிற்று? வித்தியாசம் இதுதான். பயமுறுத்த ஒரு ஆளைக் கூட்டிப் போவது வசூல். இரண்டு பக்கத்துக் கணக்கையும் கேட்டு, நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு ஆள் போவது சாட்சி. சாட்சிக்குக் கமிஷன் கிடையாது. சாட்சி கடனாளியின் அடுப்படியையும் பார்க்கிறான், கொடுத்தவளின் அடுப்படியையும் பார்க்கிறான். முடியாமல் கட்டாதவனையும், முடிந்தும் கட்டாதவனையும் பிரித்து அறிய அக்கம்பக்கத்தார் நம்மைவிட யாரால் முடியும்?

"அவன் எங்கே?" என்று கேட்டால்

கடைசியாக, நம்மில் பல பேரை வாட்டுகிற கேள்வி. சூளையிலே முன்பணம் வாங்கினவன் அடி தாங்காமலோ கூலி கிடைக்காமலோ குடும்பத்தோடு வெளியேறிவிட்டான். மேஸ்திரி வந்து நம்மிடம் கேட்கிறார், "எங்கே இருக்கான்?" நமக்குத் தெரியும். சொல்லுவதா? சொல்லாவிட்டால் நாளைக்கு நமக்கு வேலை கிடைக்காது. பொய் சொல்வதும் மனசுக்கு ஒப்பவில்லை.

என் கருத்து இது. பொய் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். உங்கள் கணக்கை எழுதிக் கொடுங்கள், அவனிடம் சேர்க்கிறேன். அவன் பதிலையும் கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நியாயமான கணக்கானால் எழுதிக் கொடுப்பார். எழுத மறுத்தால், அது எழுதக் கூடாத கணக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆளைத் தேடி ஜீப்பில் போகிறவருக்கு ஆள்தான் வேண்டும், பணம் அல்ல. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்த பிறகு நடக்கிறதற்கு "எனக்கு என்ன தெரியும்" என்று நாம் கையைக் கழுவ முடியாது. ஆனால் போலீசோ நீதிமன்றமோ எழுத்து மூலம் கேட்டால் அது வேறு. அங்கே சங்கத்தோடு சேர்ந்து போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

இதைத் தனி ஆளாகச் சொல்ல எல்லோருக்கும் தைரியம் வராது. வேலை போய்விடும் என்ற பயம் பொய்யான பயம் அல்ல. அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம். ஒருவன் சொன்னால் அவன் வேலை போகும். நாற்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னால் மேஸ்திரி நாற்பது பேரையும் நிறுத்திவிட்டுச் சூளையை எப்படி எரிப்பார்?

சங்கம் செய்ய வேண்டியவை

ஆகவே சங்கத்தின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: ஒரு கணக்கு நோட்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போகிற ஒவ்வொரு குடும்பமும், யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது, எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பதிந்துவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு: தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த இரண்டு பேர். எந்தப் பத்திரமானாலும் கையெழுத்துக்கு முன்னால் அவர்களிடம் காட்ட வேண்டும்.

மூன்று: கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், கூப்பிட்ட உடனே போய் நிற்க மூன்று பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் சண்டை போடப் போகவில்லை, பணம் கொடுக்கவும் போகவில்லை. என்ன பேசப்பட்டது என்று பார்த்து எழுதி வைக்கப் போகிறார்கள்.

நான்கு: ஆளைப் பிடித்து வைத்தார்கள், பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள் என்று தெரிந்தால் பேரம் பேசக் கூடாது. பணம் புரட்டவும் ஓடக் கூடாது. அன்றைக்கே கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் மனு. பிள்ளையானால் 1098-க்குப் போன். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், கட்டாய வேலைக்கு ஆளானவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விடுதலையானவர்கள் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பக் கூடாது. மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த வழக்குகளில் 3 லட்சம் என்று இருக்கிறது. அதைக் கேட்க அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

ஐந்து: ஒரு சிறு நிதி. மாதம் குடும்பத்துக்கு 50 ரூபாய். ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் மட்டும். பெரிய கடன்களின் ஆரம்பத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் இரவில் அவசரத்துக்கு வாங்கிய இரண்டாயிரமோ மூவாயிரமோதான்.

தாய்மார்களே! நம்மோடு தமிழ் பேசாத யானாதி குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் அதே சூளையில், அதே பட்டியில் வேலை செய்கின்றன. அவர்களுக்குச் சங்கம் இல்லை. நம் நோட்டில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். நம் மூன்று பேர் அவர்கள் வாசலுக்கும் போகட்டும். கடன் தமிழா தெலுங்கா என்று பார்த்து வருவதில்லை.

கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கலைய வேண்டாம். வீட்டில் இருக்கிற குழுக் கடன் பத்திரம், முன்பணச் சீட்டு எதுவானாலும் எடுத்து வாருங்கள். தெலுங்கு படித்த இரண்டு பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். இன்றைக்கு இரவே படித்துப் பார்த்துவிடுவோம்.